நாற்பதைத் தாண்டாத வண்டி

பந்தயக் கார் கட்டும் தொழிலில் முதல் வேலை கழற்றுவது. இரண்டாவது வேலையும் கழற்றுவதுதான்.

வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துக்கொண்டு, விற்க மனமில்லாமல், ஓட்டத் தெம்பில்லாமல், அவ்வப்போது தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு உள்ளே போகும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் உங்கள் கூட்டம்தான். எழுபதை நெருங்குகிறேன். கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள். ஸ்பானர் பற்றி அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

வண்டி என் கணவருடையது. கல்யாண ஊர்வலங்களில் மாலை போட்டுக்கொண்டு போகுமே, முதுகு உருண்ட வெள்ளைக் கார், அதுதான். முப்பது வருஷத்தில் அவர் அதை நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. அரக்கோணம் சாலையில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்கு வருத்தமே கிடையாது. “மரமெல்லாம் ஒண்ணொண்ணா வந்து பாத்துட்டுப் போவுது பாரு” என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், ஒரே ஒரு தடவை அழுத்தமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டே ஊர் ஊராகப் போய் வந்தேன். அவர் போன பிறகு இரண்டு ஆடிக் கிருத்திகை வந்து போய்விட்டது. வண்டி தார்ப்பாய்க்குள் இருந்தது.

மகனோடு போட்ட ஒப்பந்தம்

ஓசூரில் வேலையாக இருக்கும் என் மகன் செந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றான். கொட்டகையில் எலி குடியிருக்கிறது, டயர் மண்ணோடு ஒட்டிவிட்டது என்று அவன் சொன்னதெல்லாம் உண்மை. அப்போது பாஷா பாய் அங்கே இருந்தார். அரக்கோணத்து மெக்கானிக்; என் கணவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர். அந்த வண்டிக்கு ஆயுள் முழுக்க வைத்தியம் பார்த்தவர் அவர்தான். வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ரேஸுக்கு விடப் போறேன்” என்று நான் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சில நாளுக்கு முன்னால் பாஷா தன் போனில் காட்டியிருந்தார்: ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் தூரம் நேராகப் பாய்கின்றன, திருப்பம் கிடையாது, அவ்வளவுதான் பந்தயம். வீட்டு வண்டிகளுக்கும் அதில் தனி வரிசை உண்டு. செந்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். பிறகு அப்பாவைப் போலவே கன்னத்தைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “ஒரே ஒரு தடவ அந்தக் கடைசிக் கோட்டத் தாண்டட்டும், வண்டி இங்கியே இருக்கட்டும்மா. நடுவுல நின்னுடுச்சின்னா அங்கேருந்தே லாரில ஏத்தி அனுப்பிடுவேன், அப்பறம் அழக்கூடாது.”

ஒரு ஆளுக்கு இடம்

வேகம் வேண்டுமானால் கனம் குறைய வேண்டும் என்பது பாஷாவின் வேதம். எஞ்சினை மாற்ற முடியாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள அதே எண்ணோடு அதே எஞ்சின்தான் இருக்க வேண்டும், பந்தயம் முடிந்து தெருவிலும் ஓட வேண்டும் அல்லவா? ஆகவே கழற்றினோம். பின் இருக்கை, தரை விரிப்பு, கூரைத் துணி, கதவுக்குள் இருந்த அட்டை. வெளியே எடுத்த ஒவ்வொரு சாமானையும் பாஷா கையில் ஏந்தி மேலும் கீழும் அசைத்து எடை பார்ப்பார், சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி. இருக்கைகளுக்கு அடியிலிருந்து ஒரு சீப்பு, உலர்ந்துபோன எலுமிச்சை, நான் தொலைத்துவிட்டுப் பல நாள் தேடிய தோடு எல்லாம் வந்தன.

கடைசியில் முன் இருக்கை. அந்தக் காலத்து வண்டியில் அது ஒரே நீளப் பலகை. ஓட்டுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் ஒரே மெத்தையில் உட்கார வேண்டும். அவர் பக்கம் நன்றாக அமுங்கியிருந்தது. என் பக்கம் கொஞ்சம். இரண்டுக்கும் நடுவில் மேடு. நான்கு போல்ட்டுகளில் மூன்று உடனே வந்துவிட்டன. நாலாவது துருப்பிடித்து வர மறுத்தது. பாஷா எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அது கழன்றதும், வெறும் தகரத் தரையைப் பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்னார்: “அண்ணி, இனிமே இதுல ஒரு ஆளுக்குத்தான் எடம்.”

கனமான சாமி

நாங்கள் கழற்றக் கழற்ற, ஊர் ஏற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் வண்டி என்று ஒன்று இருந்தால் அதில் முருகன் இருந்தாக வேண்டும். பந்தயச் செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஒரு வேல், ஒரு மயில், மலைக்கோயிலிலிருந்து ஒரு படம் என்று கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் போனதும் பாஷா அவற்றைப் பயபக்தியோடு எடுத்து என் பூஜை அலமாரியில் வைப்பார்.

அடுத்த வீட்டு வசந்தா மட்டும் விடுவதாக இல்லை. வள்ளி, தெய்வானையோடு நிற்கும் பித்தளை முருகனைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்தாள். பீடத்தோடு சேர்த்தால் அது ஒரு ஆட்டுக்குட்டி கனம். “இன்னாம்மா இது, கைப்புடி கனமாவது கொறையட்டும்னு கண்ணாடி ஏத்தற பிடியகூட கழட்டிகினு இருக்கறேன், நீ குடும்பத்தோட ஏத்தறியே” என்றார் பாஷா. ஒரு சின்ன வேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறோம், அதுவும் முருகன்தானே என்று நான் சமாதானம் பேசினேன். வசந்தா பித்தளை முருகனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வாசலில் நின்று பாஷாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “எங்க முருகர இழுக்க முடியாத இஞ்சினு, அக்காவ எங்க இழுத்துகினு போவப்போவுது?”

கிளி எங்கே?

பந்தய வண்டி புரண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமலிருக்க இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்ட வேண்டும். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிச் சட்டங்களுக்கு வெல்டிங் செய்யும் ரெட்டி அதைச் செய்ய வந்தார். பாதி தமிழ், பாதி தெலுங்கு. என்னை “வதினா” என்பார், தெலுங்கில் அண்ணி. கூண்டு முடிந்ததும் அதைச் சுற்றி வந்து, “பஞ்சரம் நல்லா வந்துகிது வதினா, கிளி எங்க?” என்றார். பழைய பாட்டுகளில் கிளி இருக்கும் கூட்டுக்கு அதே சொல்தான். நெடுநாள் கழித்து ஒரு சிநேகிதியைத் தெருவில் பார்த்தது போல் இருந்தது.

ஓட்டப்போவது பாஷா என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் கூண்டுக்குள் நுழைந்து, புதிதாகப் பொருத்திய ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தார். அதாவது, சிக்கினார். ஒரு காலை ரெட்டி இழுக்க, ஒரு கையை நான் இழுக்க, வசந்தா வேலி ஓரம் நின்று முருகா முருகா என்று கூவ, ஒருவழியாக வெளியே வந்தார். ரெட்டியோ ஆறடி ஆள். உள்ளே போனதுமே தலை குழாயில் இடித்தது. செந்திலைக் கேட்கலாமா என்று பேச்சு வந்தபோது பாஷா மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு போல்ட்டைக் கையில் வைத்து எடை பார்க்கும் அதே பார்வை. “லைசென்ஸு இருக்குது இல்ல?” என்றார். இருந்தது. இதே வண்டியில், நாற்பதைத் தாண்டாமல், என் கணவரிடம் கற்று வாங்கியது. எனக்கு வயசாகிவிட்டதே, பயமாயிருக்குமே என்றெல்லாம் நான் சொன்ன எதையும் பாஷா காதில் போட்டுக்கொள்ளவில்லை. “கிராமு கிராமா தேடித் தேடிக் கழட்டிகினு இருக்கறோம் அண்ணி. இருக்கறதுலயே லேசான சாமான் நீங்கதான்.”

தகுதிச் சான்றிதழ்

பந்தயம் ஓட்ட மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எங்கள் தெரு முனை டாக்டர் வழக்கம்போல ரத்த அழுத்தம், கண், காது, முழங்கால் எல்லாம் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, மூட்டு வலி எப்படி என்று விசாரித்தார். ஃபிட்னஸ் எதுக்கு, பென்ஷனுக்கா, காசி யாத்திரைக்கா என்றார். கார் பந்தயத்துக்கு என்றேன். “பாக்கப் போறதுக்கெல்லாம் கேக்கறாங்களா இப்ப?” என்று எழுத ஆரம்பித்தார். ஓட்டப் போறேன் என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். மறுபடி கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். கண், காது, முழங்காலில் சுத்தியால் தட்டுவது எல்லாம் இரண்டாம் முறை நடந்தன. எங்குமே குறை அகப்படாததில் அவருக்கு மிகுந்த ஏமாற்றம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பட்டையைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு சொன்னார்: “உங்களுக்கு நார்மல்தாம்மா, எனக்குத்தான் இப்ப ஏறிகினு இருக்குது.”

பார்டர்

ஒற்றை இருக்கை யாரோ ஒரு பெரிய உடம்புக்காகச் செய்தது. நான் உட்கார்ந்தால் மரக்காலில் விழுந்த புளியங்கொட்டை மாதிரி ஆடினேன். மெத்தை வைத்து உறை போட, எங்கள் வீட்டுக்கு எப்போதும் புடவை நெய்து தரும் அம்மையார்குப்பத்துத் தணிகாசலத்தை வரச் சொன்னேன். இருக்கையை அளந்தான், என்னை அளந்தான், இரண்டையும் சேர்த்து உட்கார வைத்து அளந்தான். கழற்றிய பழைய பலகை இருக்கை கொட்டகை மூலையில் சாய்ந்திருந்தது; அதன் அரக்கு நிறத்திலேயே வேண்டும் என்றேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் தலையை ஆட்டினான்.

ஆனால் தொழில் புத்தி விடவில்லை. ஊருக்குப் போய் இரண்டு நாள் யோசித்திருக்கிறான். விடியற்காலையில் போன் வந்தது. தறியின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டான்: “அக்கா, பார்டரு வெளிய தெரியறாப்பல வெக்கட்டா, நீ ஒக்காந்தா மறையறாப்பல வெக்கட்டா?”

இரண்டு சைலன்சர்கள்

தெருவுக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று பாஷா இரண்டு சைலன்சர் செய்து வைத்திருப்பதற்கு ஒரு போலீஸ்காரர்தான் காரணம். எஞ்சின் வேலை முடிந்து முதல் முறை வண்டியை வெளியே எடுத்த அன்று, தெருவிலிருந்த காக்கைகள் மொத்தமும் கிளம்பிவிட்டன. நான் என்னவோ பழைய வழக்கப்படி முப்பதில்தான் போனேன். சத்தம் மட்டும் நூற்றிருபதில் போனது.

அரக்கோணம் சாலை முனையில் அந்தப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். என் கணவரை நன்றாகத் தெரிந்தவர். ஜன்னலில் குனிந்து, கூண்டைப் பார்த்து, வார்ப்பட்டையால் கட்டப்பட்ட என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார். பந்தய வேகத்தைப் பந்தய மைதானத்தில் மட்டும்தான் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். சத்தத்தையும் அங்கேயே காட்டச் சொன்னார். “சார் ஓட்டுனப்ப வண்டி வருதா இல்லியான்னு ரோட்டப் பாத்துகினே நிக்கணும், நீங்க வீட்ல சாவி போடறதே எனக்கு இங்க கேக்குதும்மா!”

உள்ளே போன திருநீறு

பந்தயத்துக்கு முதல் நாள் காலை வண்டியை மலைக்குக் கொண்டுபோனேன். புது வண்டி வாங்கினால் மலைமேல் பூஜை போடாமல் ஓட்டுகிறவர் எங்கள் ஊரில் உண்டா? இது புதுசா பழசா என்று குருக்களுக்கே குழப்பம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார். கதவில், விளக்கில், கூண்டில், என் ஹெல்மெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு, “முகப்பையும் திறங்கோ, இதயத்துக்கும் வெச்சுடுவோம்” என்றார். பாஷா டீ குடிக்கப் போயிருந்தார்.

காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுக்குள் போகும் கார்புரேட்டர் இப்போது ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. காற்றுக்கான அதன் வாய்கள் இரண்டும் எக்காளம் போல மேலே பார்த்துத் திறந்திருந்தன. மூடியை அன்று காலைதான் சரிபார்க்கக் கழற்றியிருந்தார் பாஷா. குருக்களுக்கு அவை விபூதி வைக்கவென்றே செய்த கிண்ணங்களாகத் தெரிந்திருக்க வேண்டும். தாராளமாக வைத்தார். மேலே ஒரு கொத்து மல்லிப்பூ. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிரசாதம் முழுவதையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது. மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் இருமல். அடிவாரத்தில் நின்றேவிட்டது.

பகல் முழுக்க பாஷா அதைப் பிரித்துப் போட்டு, ஊசி நுழையும் துளைகளை ஒவ்வொன்றாக வாயால் ஊதிக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் திருநீறு. நடுவில் செந்தில் போனில் கூப்பிட்டு, மறுநாளைக்கு லாரி சொல்லியாகிவிட்டது என்றான். நான் போனை வைத்துவிட்டு, துடைத்த துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் எஞ்சின் மறுபடி பேசியது. ஆனாலும் இடையில் ஒரு சின்னச் செருமல் மட்டும் போகவில்லை. எவ்வளவு ஊதினாலும் எங்கோ ஒரு சிட்டிகை மிச்சம் இருக்கிறது என்றார் பாஷா. கையைத் துடைத்துக்கொண்டு மலையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “நாளிக்கு அவரு வெளிய நின்னு பாத்துக்கட்டும் அண்ணி, உள்ள வந்து வேல செய்ய வேணாம்.”

கால் மைல்

கொண்டையை அவிழ்த்துப் பின்னிய பிறகுதான் ஹெல்மெட் ஏறியது. பக்கத்துத் தடத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு பிள்ளை, மஞ்சள் நிறத்தில் சின்னக் கார். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். வேலிக்கு அப்பால் பாஷா, ரெட்டி, ஹெல்மெட்டில் இன்னொரு பொட்டு வைக்க வந்து தடுக்கப்பட்ட வசந்தா. மைதானத்து வாசலில் லாரி, அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு செந்தில்.

பச்சை விளக்கு எரிந்தது. நான் இரண்டாவது கியர் போடுவதற்குள் மஞ்சள் கார் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அது போகட்டும். முள் நாற்பதைத் தொட்டது, தாண்டியது. ஐம்பது, அறுபது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கமே வராத முள், புது ஊரில் இறங்கிய பயணி போல நடுங்கிக்கொண்டு நகர்ந்தது. அப்போதுதான் எஞ்சின் செருமியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. வேகம் தளர்ந்து, மூக்கில் கருகின பூவாசனை. அவராக இருந்தால், “மெதுவா, மெதுவா கண்ணு” என்று வண்டியிடம் சொல்லியிருப்பார். எனக்கும் கால் தானாக எழும்பத்தான் பார்த்தது. எழும்ப விடவில்லை. “போ” என்றேன். முப்பது வருஷமாகச் சொல்ல நினைத்த சொல் அது. கடைசிச் சிட்டிகையையும் இருமித் துப்பிவிட்டு அது போயிற்று, எண்பது, தொண்ணூறு என்று, நான் இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி. கோட்டைத் தாண்டியதைக்கூட ஒலிபெருக்கி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் என்னென்ன இருந்தன என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. எதுவுமே வந்து பார்த்துவிட்டுப் போகவில்லை.

ஓடி முடித்த வண்டிகள் திரும்பி வர ஓரமாக ஒரு தனிப் பாதை உண்டு. அதில் திரும்பினேன். வாசல் தெரிந்தது, செந்தில் லாரிக்காரரிடம் கையை ஆட்டி, போகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தான். பாதையோரம் வேப்பமரங்கள். ஒன்று வந்தது. நிழலை மேலே போட்டுவிட்டுப் போனது. இன்னொன்று வந்தது. எனக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட மைதானத்துப் பையன் ஒருவன் எனக்கு இணையாக நடந்து வந்து, ஜன்னலில் குனிந்து, பாவம், கெஞ்சினான்: “அம்மா, கொஞ்சம் அழுத்திதான் வாங்களேன், நான் நடந்தே உங்கள ஓவர்டேக் பண்ணிடுவேன் போலக்குது!”

ஆக, தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடும் அன்பர்களே, அந்த வண்டியில் கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிவிட்டோம், அவருடைய நாற்பது மட்டும் எந்த ஸ்பானருக்கும் அசையவில்லை.